சூப்பர்வைசர் ஆகப்போகிற தம்பிக்கு

ஐ.டி.ஐ. முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருகிற பையன் ஏழெட்டு வருஷம் சி.என்.சி. மெஷினில் தாக்குப்பிடித்தால் ஒருநாள் ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "அடுத்த மாசத்திலேர்ந்து நீ சூப்பர்வைசர்" என்பார்கள். வீட்டில் சந்தோஷம், பெண் பார்க்கப்போகும் இடத்தில் தனி மரியாதை. "போகலாமாண்ணே?" என்று என்னிடம் வந்து நிற்பார்கள். மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராக இருந்து சூப்பர்வைசர் ஆனவன் நான். முதலில் சம்பளச் சீட்டை எடுத்து வா தம்பி என்பேன்.

மாதம் 20,000 ரூபாய் வாங்கும் ஆபரேட்டர் என்று வையுங்கள். 26 நாள், எட்டு மணி நேரம். மணிக்கு 96 ரூபாய் சொச்சம். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. மாதம் 20 மணி நேரம் ஓ.டி. பார்த்தால் 3,850 ரூபாய் கூடுதல். ஆக 23,850. சூப்பர்வைசருக்கு 23,000 என்று சொல்வார்கள், ஓ.டி. கிடையாது. அடுத்த ஷிப்ட் ஆள் வராமல் கிளம்பவும் முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் இ.எஸ்.ஐ. அதன் சம்பள வரம்பு 2017-ல் 21,000 ஆனது. அந்த வரம்புக்கு ஓ.டி. பணத்தைச் சேர்ப்பதில்லை. அதனால் 23,850 கொண்டுபோகிற ஆபரேட்டர் இ.எஸ்.ஐ.யில் இருப்பார். 23,000 வாங்கும் சூப்பர்வைசர், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் வெளியே வந்துவிடுவார். அம்மாவுக்கு மாதாமாதம் சர்க்கரை மாத்திரை இ.எஸ்.ஐ.யில் வாங்குகிற குடும்பம் என்ன செய்யும்? கம்பெனி இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் கைகொடுக்கும். பெற்றோரும் அதில் சேர்வார்களா என்று கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

பதவி மாறினால் சட்டப் பாதுகாப்பும் மாறலாம். வேலையை விட்டு நிறுத்தினால் அதைத் தொழில் தகராறாக எடுத்து வழக்கு நடத்தும் வழி தொழிலாளிக்கு உண்டு. நிர்வாக வேலை பார்ப்பவர் தொழிலாளி என்ற கணக்கில் வரமாட்டார். மேற்பார்வை வேலை பார்ப்பவரும் சம்பளம் ஒரு அளவைத் தாண்டினால் வரமாட்டார். 2010-ல் 10,000 ஆக்கப்பட்ட அந்த அளவு, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்பில் 18,000. கரோனா செருப்புக் கம்பெனியின் கடைப் பொறுப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், பதவியின் பெயரைவிட அவர் முக்கியமாகச் செய்த வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது 1994-ல். அவர் கடையை நிர்வகித்தவர், ஆகவே தொழிலாளி அல்ல என்று முடிவானது. எஸ்டேட்டில் சூப்பர்வைசர் என்ற பெயரோடு நாள் முழுக்க மெஷின் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்; ஒரு நாள் லீவு கொடுக்கக்கூட அவர்களுக்கு அதிகாரமில்லை. தினமும் என்ன வேலை பார்த்தோம் என்று காட்டும் ஷிப்ட் ரிப்போர்ட் நகல்களை அவர்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

லாபமும் உண்டு. கிராஜுவிட்டியைக் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் போடுகிறார்கள்: அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி, 26-ல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை சர்வீஸ் வருஷங்களால் பெருக்குவார்கள். அடிப்படையில் 3,000 ஏறினால் 15 வருஷ சர்வீஸ்காரருக்கு ஏறக்குறைய 26,000 ரூபாய் கூடும். உயர்வை அலவன்ஸில் போடாமல் அடிப்படையில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் துளை, டாலரன்ஸ் 21 மைக்ரான். வெட்டும் டிப் தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். மெஷின் சத்தத்திலேயே செட்டருக்கு அது தெரிந்துவிடும். போர் கேஜை விட்டுத் துளையை அளந்து, மெஷினில் டூல் ஆஃப்செட் எண்ணில் பத்து மைக்ரான் ஏற்றினால் அடுத்த பீஸ் சரியாக வரும். அந்த நிம்மதிக்கு ஈடு கிடையாது. சூப்பர்வைசரான பிறகு மெஷினில் நிற்பது ஒடிசாவிலிருந்து வந்த பையன். லாரி வாசலில் காத்திருக்கிறது, அவன் ஆஃப்செட் போடத் தயங்குகிறான். கை பரபரக்கும். நாமே பட்டனைத் தட்டிவிட்டால் நாளைக்கும் நம்மைத்தான் கூப்பிடுவான். பக்கத்தில் நின்று, தெரிந்த இந்தியில் சொல்லி, அவன் விரலாலேயே அந்த எண்ணைப் போடவைக்க வேண்டும். அதற்குப் பொறுமையும் அதில் ஒரு சந்தோஷமும் இருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு இருந்தது, போனேன்.

தயக்கம் இருக்கிறவர்கள் ஆறு மாதம் பார்த்துவிட்டு, சர்வீஸ் அறுபடாமல் பழைய சம்பளத்தில் மெஷினுக்குத் திரும்பலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுத்தால் அவசரப்பட்டுச் சம்மதிக்க வேண்டாம். நல்ல செட்டரைத் தேடுகிற கம்பெனிகள் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் இன்னும் இருக்கின்றன.