சாலை எட்டாத ஊர்களின் விமானம்

சாலை எட்டாத ஊர்களுக்கு மருத்துவரையும் மருந்தையும், ஆசிரியரையும் பாடநூலையும், வேதாகமத்தையும் விதையையும் சிறு விமானத்தில் கொண்டுசேர்த்து, திரும்பும்போது நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் மருத்துவமனைக்கு ஏற்றிவரும் பணியைக் கிறிஸ்தவ சபைகள் விமான ஊழியம் என வழங்குகின்றன. பெரும்பாலோர் இதை மதப் பரப்புரையின் ஒரு கிளை என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். இதன் அன்றாட நடைமுறையை அணுகிப் பார்ப்பவருக்கோ, தொலைவு என்னும் துன்பத்தோடு நடக்கும் நெடிய போராட்டமாகவே இது தோன்றும்.

கள்ளக்குறிச்சிப் பகுதி மக்களுக்கு அத்துன்பம் புதிதன்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன், பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி உயரத்தில், மலையாளி எனப்படும் பழங்குடியினரின் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மேட்டுநிலமாகும். ஜாகிர்தாரர்கள் எனப்பட்ட, வரி வாங்கும் உரிமையோடு நிலத்தை ஆண்ட பரம்பரைத் தலைவர்கள் மூவரின் கையில் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது என்பதால், சமவெளியில் பழகிப்போன சாலையும் பள்ளியும் மருத்துவமும் இங்கே ஒரு தலைமுறை பிந்தியே மலையேறின. அதுவரை நோயாளியைத் துணியில் கிடத்தி, மூங்கிற்கழியில் தொங்கவிட்டு, தோள்மாற்றித் தூக்கி இறக்கும் டோலியே மலையூர்களின் வாகனமாக இருந்தது. ஓடைகள் பெருகும் மழைக்காலத்தில், பறவைக்குச் சில கிலோமீட்டரே ஆன தூரம் மனிதருக்கு ஒரு பகல் நடையாக நீளும். பாம்புக்கடிக்கும் பிரசவ இரத்தப்போக்குக்கும் அவ்வளவு நேரம் காத்திருக்கத் தெரியாது.

இத்தகைய தொலைவை வான்வழியே கடக்கலாம் என்ற எண்ணம் இரு உலகப்போர்களுக்கு இடையிலேயே தோன்றிவிட்டது. ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த தம் நண்பர் உரிய நேரத்தில் மருத்துவ உதவி கிட்டாமல் இறந்ததைத் தாங்காத ஜெர்மானியக் கத்தோலிக்கக் குரு பால் ஷுல்டே, மிஷனரிகளுக்கு வாகனமும் விமானமும் வாங்கித் தரும் மீவா என்ற அமைப்பை 1927இல் நிறுவினார். ஆயினும் இப்பணி வேரூன்றியது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. அப்போரின் தடம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உண்டு: உளுந்தூர்பேட்டையில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைந்த ஓடுதளம், அதாவது விமானம் ஏறி இறங்கும் நீண்ட தளம், போர் ஓய்ந்ததும் பயனற்றுப் போயிற்று. உலகெங்கும் அவ்வாறே பணி ஓய்ந்த விமானிகளுள் சிலர், அழிக்கக் கற்ற கலையை ஆதரவுக்குத் திருப்ப விரும்பி, 1945இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒன்றுகூடியதன் விளைவே மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப். போர்க்கால மகளிர் விமானப் பிரிவில் பணியாற்றிய பெட்டி கிரீன், 1946 பிப்ரவரி 23 அன்று வேதாகம மொழிபெயர்ப்பாளர் இருவரை ஏற்றிக்கொண்டு மெக்சிகோவை நோக்கிப் பறந்ததே அதன் முதல் பயணம். போரின்போது கல்கத்தாவிலிருந்து வங்கக் கடலைக் காவல்காத்த ஜாக் ஹெமிங்ஸ், பொறியாளர் ஸ்டூவர்ட் கிங்குடன் 1948இல் மத்திய ஆப்பிரிக்காவுக்குப் பறந்து, எங்கெங்கே விமானம் தேவை என்று கணக்கெடுத்தார். புருண்டி மலைச்சரிவில் விமானம் விழுந்து நொறுங்கியும் இருவரும் உயிர்பிழைத்தனர்.

மலைநாட்டில் விமானம் ஓட்டுவது தனியே விளக்கத் தக்க கலை. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது, வெயில் ஏறினால் மேலும் குறைகிறது. அதனால் எஞ்சினின் வலிமையும் இறக்கையின் தூக்குவிசையும் ஒருங்கே தளர்ந்து, சமவெளியில் சுமார் 300 மீட்டர் ஓடி எழும் விமானத்துக்கு மலைமேல் அதைவிட நீண்ட ஓட்டம் வேண்டியிருக்கிறது. மலையிலோ அவ்வளவு சமதளம் கிடைப்பதில்லை. ஆகவே பாப்புவா நியூ கினியா போன்ற நாடுகளில் சரிவிலேயே ஓடுதளம் வெட்டுகின்றனர்: மேட்டை நோக்கி இறங்கும் விமானத்தின் வேகத்தைச் சரிவே தணிக்கும், பள்ளத்தை நோக்கிக் கிளம்பும்போது அதே சரிவு வேகம் கொடுக்கும். எதிரே மலை நிற்பதால், குறிப்பிட்ட ஓர் எல்லையைத் தாண்டியபின் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழ இயலாது. எனவே விமானி அவ்வெல்லைக்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். பிற்பகலில் மேகம் கவியும் என்பதால் வேலை விடியலிலேயே தொடங்குகிறது. மூட்டைகளோடு பயணிகளும் தராசில் நிறுக்கப்படுகின்றனர். ஓடுதளத்தில் வளர்ந்த புல்லை அறுப்பதும், மேயும் பன்றிகளை விரட்டுவதும் அவ்வூர் மக்களின் பொறுப்பு; அவர்களது உழைப்பு இல்லையெனில் எந்த விமானமும் அங்கே இறங்க முடியாது என்பதைப் புகழுரைகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

பட்டறைக்கு வெகுதொலைவில் பழுது நேரக்கூடும் என்பதால், பறத்தலையும் பழுதுபார்த்தலையும் ஒருவரே கற்கும் மரபு இவ்வூழியத்தில் உண்டு. அமெரிக்காவின் மூடி வேதாகமக் கல்லூரி 1946இலேயே இதற்கெனப் பயிற்சி தொடங்கியது. விமானியின் குடும்பத்தைப் பெரும்பாலும் சொந்த ஊர்ச் சபைகளின் காணிக்கையே தாங்குகிறது.

ஈக்வடார் காட்டில் பணியாற்றிய நேட் செயின்ட், இறங்க இடமில்லாத ஊர்களுக்குப் பொருள் கொடுக்க வியத்தகு வழியொன்றைக் கண்டார்: விமானம் வட்டமிட்டுச் சுற்றும்போது நீண்ட கயிற்றின் நுனியில் விட்ட வாளி, வட்டத்தின் நடுவே ஏறத்தாழ அசையாமல் தொங்கும், கீழே நிற்பவர் அதில் உள்ளதை எடுத்துக்கொண்டு தம் பொருளை வைக்கலாம். அவ்வழியிலேயே அக்காட்டின் பழங்குடியினரான வவோரானி மக்களுக்குப் பரிசுகள் அனுப்பிய அவரும் தோழர் நால்வரும், 1956 ஜனவரி 8 அன்று அம்மக்களின் ஈட்டிகளுக்கு இரையாயினர். அவர்களின் துணிவைப் போற்றுவோர், வெளியாரின் வரவை வேண்டாத ஒரு மக்கள் கூட்டத்தின் அச்சத்தையும் சேர்த்தே எண்ணிப் பார்ப்பது நேர்மையாகும். விமானம் மருந்தைக் கொண்டுவருவது போலவே புதிய நோயையும் புதிய அதிகாரத்தையும் கொண்டுவரக்கூடும். அழைத்த ஊருக்கே செல்வதும், மதம் பாராமல் நோயாளியை ஏற்றுவதும் ஆகிய நெறிகளே இவ்வூழியத்துக்கு மதிப்பைத் தருகின்றன.

அண்டை நாடான வங்கதேசத்தில், ஓடுதளம் தேவையின்றி ஆற்றுநீரிலேயே இறங்கும் மிதவை விமானத்தை மிஷன் ஏவியேஷன் ஃபெல்லோஷிப் இயக்கியுள்ளது. கல்வராயனுக்கோ இன்று விமானம் வேண்டியதில்லை. மலைமேலுள்ள வெள்ளிமலை என்னும் ஊருக்குச் சாலை உண்டு, 2008 முதல் தமிழகத்தில் 108 அவசர ஊர்தி ஓடுகிறது, கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆயினும் ஊர்தி நிற்கும் சாலைமுனைக்கும் சில குக்கிராமங்களின் குடிசை வாசலுக்கும் இடையே ஒற்றையடிப் பாதை இன்னும் மிச்சமிருக்கிறது. விமான ஊழியம் உலகெங்கும் கடக்க முயன்ற தொலைவு இம்மலையில் அந்த இடைவெளியாகச் சுருங்கியுள்ளது. ஓடைகளின்மீது சிறு பாலங்களும், பைக் ஆம்புலன்ஸ் ஏறத்தக்க பாதையும், இரவிலும் கிடைக்கும் கைப்பேசி அலைவரிசையும் அமைந்தால் அதையும் கடந்துவிடலாம்.