மார்பக இம்ப்ளான்ட் எத்தனை வருடம் தாங்கும்? எப்போது மாற்ற வேண்டும்?

“பத்து வருஷம் ஆச்சுன்னா கண்டிப்பா மாத்திடணும்.” மார்பக இம்ப்ளான்ட் பற்றிப் பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். “லைஃப்டைம் வாரன்டி இருக்கு, கவலையே வேணாம்” என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே முழு உண்மை இல்லை.

அழகுக்காக வைத்துக்கொண்டவர்களுக்கு மட்டுமல்ல, புற்றுநோயால் மார்பகத்தை அகற்றிய பின் வைத்துக்கொண்டவர்களுக்கும் இது முக்கியமான கேள்வி. அது நீங்களாகவோ, உங்கள் அம்மா, அக்காவாகவோ இருக்கலாம்.

எக்ஸ்பைரி தேதி உண்டா?

உடம்புக்குள் வைத்த இம்ப்ளான்டுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஆனால் அது வாழ்நாள் முழுக்க இருக்கக்கூடிய பொருளும் இல்லை என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ. வருடங்கள் கூடக்கூட சிக்கல் வரும் வாய்ப்பும் கூடும்.

சிலிக்கான் இம்ப்ளான்ட் பற்றி எஃப்டிஏ 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5 பேரில் ஒருவருக்கு 10 ஆண்டுகளுக்குள் அதை அகற்ற வேண்டி வருகிறது. புற்றுநோய் போன்ற காரணங்களால் மார்பகத்தை மறுசீரமைத்தவர்களில் 2 பேரில் ஒருவருக்கு அந்த நிலை. அதாவது, பிரச்சினை இல்லாதவர்கள் 10 வருடம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் மாற்றத் தேவையில்லை.

எப்போது மாற்ற வேண்டும்?

மார்பகம் கல் மாதிரி இறுகுவது, வடிவம் மாறுவது, வலி, கட்டி, பல வருடம் கழித்து திடீரென வரும் வீக்கம். இதில் எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். மாற்றுவதா, அகற்றுவதா என்பது பரிசோதனைக்குப் பிறகு எடுக்கும் முடிவு.

உப்புநீர் இம்ப்ளான்ட் கிழிந்தால் மார்பகம் சுருங்கிவிடும், உடனே தெரியும். சிலிக்கான் அப்படியில்லை. உறை கிழிந்தாலும் ஜெல் அங்கேயே தங்கிவிடலாம். வலியோ மாற்றமோ இல்லாமலே இருக்கும். அதனால்தான், அறிகுறி இல்லாவிட்டாலும் 5 முதல் 6 ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன், பிறகு 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று எஃப்டிஏ பரிந்துரைக்கிறது.

மாமோகிராம் எடுக்கப் போனால், இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிராண்டு பெயர் ஏன் தெரிய வேண்டும்?

பிரான்சின் பிஐபி நிறுவனம் மருத்துவத்துக்கு அனுமதியில்லாத தொழிற்சாலை சிலிக்கானைப் பயன்படுத்தியது 2010இல் அம்பலமானது. அடுத்த ஆண்டு டிசம்பரில், சுமார் 30,000 பெண்கள் அவற்றை அகற்றிக்கொள்ளும்படி பிரெஞ்சு அரசு அறிவுறுத்தியது.

2019 ஜூலையில் அலர்கான் நிறுவனம் சொரசொரப்பான மேற்பரப்புள்ள பயோசெல் வகையை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அரிய வகை நிணநீர்ப் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருந்ததே காரணம். ஆனால் அறிகுறி இல்லாதவர்கள் அகற்றத் தேவையில்லை என்றது எஃப்டிஏ.

ஒன்றில் அகற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் கவனித்தால் போதும் என்றார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று தெரிய, உள்ளே இருப்பது என்ன பிராண்டு, என்ன மாடல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

செலவையும் யோசியுங்கள்

2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்கு இலவச மார்பக இம்ப்ளான்ட் சிகிச்சை தொடங்கியபோது பெரிய விவாதமே நடந்தது. ஆனால் முதல் ஆபரேஷனோடு கணக்கு முடிவதில்லை. ஸ்கேன், தேவைப்பட்டால் இரண்டாவது ஆபரேஷன் என்று அது தொடரும். வாரன்டி எதற்கெல்லாம் பணம் தரும் என்று முன்பே கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

மலேசியாவில் இம்ப்ளான்ட் வைக்க யோசிக்கிறீர்களா? மருத்துவர் தேசிய சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இருக்கிறாரா என்றும், இம்ப்ளான்ட் சுகாதார அமைச்சின் கீழுள்ள மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா என்றும் ஆன்லைனிலேயே பார்க்கலாம்.

ஏற்கெனவே வைத்தவர்கள், ஆபரேஷன் முடிந்து கொடுத்த கார்டைத் தேடி எடுங்கள். பிராண்டு, மாடல், சீரியல் நம்பர் அதில் இருக்கும். தொலைந்திருந்தால் ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் பதிவைக் கேளுங்கள். கார்டை ஒரு போட்டோ எடுத்து, அடுத்த ஸ்கேன் தேதியை ஃபோன் காலண்டரில் போட்டு வையுங்கள்.

புக்கிட் தெங்காவில் இருப்பவருக்கு செபெராங் ஜெயா மருத்துவமனை பக்கம்தான். பாலம் தாண்டினால் ஜார்ஜ்டவுன். தூரம் பிரச்சினையே இல்லை. வலி இல்லையே என்று தள்ளிப்போடுவதுதான் பிரச்சினை.