பிள்ளைப்பேற்றில் உதிரப்பெருக்கு

பிள்ளைப்பேறு நோயன்று, இயற்கையின் நிகழ்ச்சியே. எனினும், குழந்தையின் அழுகுரல் கேட்டு வீட்டார் மகிழ்ந்திருக்கும் அந்நாழிகையிலேயே தாயின் உயிர் பிரிந்துபோதல் இன்றும் உலகில் நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. கருவுற்ற காலத்திலும் பேறுகாலத்திலும் அதனை அடுத்த நாட்களிலும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்டிர் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்கு 700 தாயர் என்று கொள்ளலாம். இவர்களுள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேற்பட்டோர் வறிய நாடுகளையும், வருவாயிற் கீழ்ப்படியிலுள்ள நாடுகளையும் சார்ந்தவர்கள். இம்மரணங்களுக்குரிய காரணங்களுள் தலைமையானது, பிள்ளை பிறந்தபின் உண்டாகும் உதிரப்பெருக்கு.

இத்துன்பம் வறியோர் இல்லத்திற்கே உரியதென்று எண்ணற்க. மொகலாயப் பேரரசன் ஷாஜகானின் பட்டத்தரசி மும்தாஜ், 1631-ஆம் ஆண்டில் புர்ஹான்பூரில் தன் பதினான்காம் மகவை ஈன்றதும் உயிர் நீத்தாள். உதிரப்பெருக்கே அதற்குக் காரணம் என்பர் பலர். வெண்சலவைக் கல்லில் உலகம் வியக்கும் மாளிகை எழுப்ப வல்லவனாயிருந்த அவ்வரசனிடம், அவ்வொரு நாளில் அவளைக் காக்கும் வகை இல்லை. இன்றோ அவ்வகை உண்டு. அதற்காகும் பொருளும் பெரிதன்று. அங்ஙனமாயின், தாயர் இன்னும் ஏன் மாளுகின்றனர்? இவ்வினாவுக்கு அண்மைக் காலத்து மருத்துவ ஆராய்ச்சி தந்துள்ள விடையை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், உதிரம் பெருகும் விதத்தை அறிதல் வேண்டும். கருவிலிருக்கும் மகவுக்கு உணவும் உயிர்வளியும் அளிப்பது நஞ்சு என்றும் இளங்கொடி என்றும் வழங்கப்படும் உறுப்பு. அது கருப்பையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்கு மேற்பட்ட குருதி பாய்கின்றது. மகவு பிறந்தபின் நஞ்சு பிரிந்து வெளிப்படும்போது, அது ஒட்டியிருந்த இடத்துக் குருதிக் குழாய்கள் திறந்த வாயுடன் நிற்கும். அவற்றை அடைப்பது யாது? கருப்பையின் தசைநார்களே. அவை ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பின்னிய வலை போல அமைந்துள்ளன. அவ்வலையின் கண்களூடே குருதிக் குழாய்கள் செல்கின்றன. தசை இறுகியவுடன் குழாய்களெல்லாம் முறுக்கிக் கட்டியன போல நெரிபட்டு அடைபடும். இஃது இயற்கை செய்துவைத்த அரிய கட்டு. தசை இறுகாமற் சோர்ந்துவிடின் கட்டு அவிழ்ந்ததாகும்; உதிரம் பெருகும். உதிரப்பெருக்குற்றோர் பத்துப் பேரில் ஏறக்குறைய எழுவர்க்குக் காரணம் இச்சோர்வே. நஞ்சின் துண்டு உள்ளே தங்குதல், பிறப்புவழி கிழிதல், குருதி உறையாமை ஆகியன ஏனைய காரணங்கள்.

சோர்ந்த கருப்பையை இறுக்கும் மருந்தைத் தேடிய வரலாறு நீண்டது. 1906-ஆம் ஆண்டில் ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞர், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியின் சாறு பூனையின் கருப்பையைச் சுருங்கச் செய்தலைக் கண்டார். அச்சாற்றிலுள்ள ஆக்ஸிடோசின் என்னும் பொருளை 1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வுக்கூடத்திலேயே ஆக்கிக் காட்டி, 1955-இல் இரசாயனத்துக்குரிய நோபெல் பரிசு பெற்றார். மகவு பிறந்தவுடன் தாய்க்கு இம்மருந்தை ஊசியின் வழிச் செலுத்துதல் இன்று உலகெங்கும் வழக்கம். ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. வெப்பத்தில் இதன் ஆற்றல் குன்றும்; ஆதலின் குளிர்ப்பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும். மின்வசதி நிலையில்லாத சிற்றூர்களில் இஃது எளிதன்று.

இக்குறையை நீக்க இரண்டு வழிகள் காணப்பட்டன. கருநாடக மாநிலத்துப் பெல்காம் மாவட்டத்தில், துணைச் செவிலியர் பேறு பார்த்த 1,620 பெண்டிரிடையே நிகழ்ந்த ஆராய்ச்சி 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிஸோப்ராஸ்டால் என்னும், குளிர்ப்பெட்டி வேண்டாத, வாயினால் உட்கொள்ளும் மாத்திரை அதிற் சோதிக்கப்பட்டது. மாத்திரை பெறாதவருள் நூற்றுக்குப் பன்னிருவர் உதிரப்பெருக்குற்றனர். பெற்றவருள் நூற்றுக்கு 6.4 பேரே உற்றனர். பின்னர், வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்னும் மருந்து, இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 29,645 பெண்டிரிடையே சோதிக்கப்பட்டு, உதிரப்பெருக்கைத் தடுப்பதில் ஆக்ஸிடோசினுக்குத் தாழ்ந்ததன்று என 2018-இல் நிறுவப்பட்டது.

பெருக்கு உண்டானபின் அதனை நிறுத்தும் மருந்து ஒன்றும் உண்டு. அதன் வரலாறு நெஞ்சை உருக்குவது. ஜப்பானிய அறிஞராகிய உதாகோ ஒகாமோட்டோ அம்மையாரும் அவர்தம் கணவர் ஷோசுகே ஒகாமோட்டோவும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்னும் மருந்தைக் கண்டறிந்து 1962-இல் உலகுக்கு அறிவித்தனர். உறைந்த குருதி மீண்டும் கரைந்துவிடாமல் இது காக்கின்றது. பிள்ளைப்பேற்றில் மாளும் தாயர்க்கு இது பயன்படவேண்டும் என்பது அம்மையாரின் பெருவிருப்பம். கோபே நகரத்து மகப்பேற்று மருத்துவரை அவர் வேண்டியும், அங்ஙனம் சோதித்தற்கு அவர்கள் உடன்படவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னரே, இலண்டன் நகரத்துச் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியார் 21 நாடுகளில் 20,060 பெண்டிரைக் கொண்டு அச்சோதனையை நடத்தினர். மருந்து பெறாதவருள் உதிரப்பெருக்கினால் இறந்தோர் நூற்றுக்கு 1.9, பெற்றவருள் 1.5. பிள்ளை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவரிடையே பயன் இன்னும் மிகுதி: 1.7 என்பது 1.2 ஆகக் குறைந்தது. முடிவு 2017-இல் வெளிவந்தது. அம்மையாரோ அதற்கு முந்தின ஆண்டில், தம் 98-ஆம் வயதில் மறைந்துவிட்டார்.

இவ்வாராய்ச்சியாளர் மற்றொன்றும் கண்டனர். சிகிச்சை கால் மணி நேரம் தாமதிக்குந்தோறும் மருந்தின் பயனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகின்றது. மூன்று மணி நேரம் கழிந்தபின் பயனே இல்லை. மருந்து அதுவே, மருத்துவர் அவரே, கடிகாரத்தின் முள் நகர்ந்ததொன்றே வேறுபாடு.

இங்கே திருவள்ளுவர் கருத்து நினைவுக்கு வருகின்றது. 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அவர், மருத்துவ நூல் கற்றவன் நோயுற்றவன் அளவையும், நோயின் அளவையும், காலத்தையும் ஆராய்ந்து செயற்படல் வேண்டும் என்கின்றார். காலத்தின் அருமையை மேலே கண்டோம். இனி அளவின் அருமையைக் காண்போம்.

24 மணி நேரத்துக்குள் அரை லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட உதிரம் போதலையே உதிரப்பெருக்கு என்று மருத்துவ நூலார் நெடுங்காலம் வரையறுத்து வந்தனர். ஆனால், போன உதிரம் எவ்வளவென்று அறிவது எப்படி? துணியில் ஊறியதையும் தரையிற் சிந்தியதையும் கண்ணாற் பார்த்து மதிப்பிடுவதே வழக்கம். கண்ணோ ஏமாற்றுகின்றது. பெல்காம் ஆராய்ச்சியாளர்கள் தாயின் இடுப்பின் கீழ் விரித்து உதிரத்தை ஏந்தும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை அமைத்தனர். அதன் நுனி புனல் போலக் கூம்பி, அளவுக் கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கொண்டு ஒப்புநோக்கியபோது, கண்மதிப்பு உண்மை அளவினும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தேர்ந்த கண்ணும் தப்பும் இடம் இது. மேலும், கருவுற்ற பெண்ணின் உடலில் குருதி இயல்பினும் மிகுந்திருத்தலால், கணிசமான அளவு போகும் வரையில் நாடியும் இரத்த அழுத்தமும் மாறாமல் இருத்தலும் உண்டு. "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று சுற்றத்தார் எண்ணியிருக்கும்போதே அவள் திடீரெனச் சோர்ந்து விழுவாள்.

அளவையும் காலத்தையும் ஒன்றாய்ப் பிணைத்துச் சோதித்ததே 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஈ-மோட்டிவ் ஆராய்ச்சி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் உலக சுகாதார நிறுவனத்தோடு கூடி, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் இதனை நடத்தினர். திருவுளச் சீட்டு எடுத்தாற்போல மருத்துவமனைகள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டன. ஒரு மருந்தைச் சோதிப்பதாயின் ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே பிரிக்கலாம். ஈண்டுச் சோதிக்கப்பட்டது மருத்துவமனையின் பழக்கம் ஆதலின், மருத்துவமனைகளையே பிரிக்கவேண்டியதாயிற்று. இரு கூற்றிலும் சேர்ந்து பிள்ளை பெற்ற பெண்டிர் 2,10,132 பேர்.

ஒரு கூற்றில் வழக்கமான முறையே நடந்தது. மற்றைக் கூற்றில் கோடிட்ட விரிப்பு ஒவ்வொரு தாய்க்கும் விரிக்கப்பட்டது. முதல் ஒரு மணி நேரம் வரை கால் மணிக்கொருமுறை உதிரத்தின் அளவு நோக்கப்பட்டது; நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்கப்பட்டன. உதிரம் 500 மில்லி லிட்டர்க் கோட்டைத் தொட்டாலும், 300-ஐத் தொட்டபோதே வேறு தீய குறி தோன்றினாலும், செவிலியர் ஐந்து செயல்களை உடனே தொடங்கினர்: கருப்பையை வயிற்றின் மேலாகப் பிசைதல், ஆக்ஸிடோசின் முதலிய இறுக்கும் மருந்து தருதல், டிரானெக்ஸாமிக் அமிலம் செலுத்துதல், நாளத்தின் வழி உப்புநீர் ஏற்றுதல், உதிரம் எங்கிருந்து வருகின்றதென்று ஆராய்ந்து வேண்டின் மேல்நிலை மருத்துவரை அழைத்தல். முன்னரும் இவையெல்லாம் செய்யப்பட்டனவே. ஆனால் ஒன்றைச் செய்து, அது பயன்படுமோ என்று காத்திருந்து, பின்னர் அடுத்ததைச் செய்வது பழைய முறை; காத்திராமல் அனைத்தையும் சேரச் செய்வது புதிய முறை.

பயன் யாதாயிற்று? ஒரு லிட்டருக்கு மேற்பட்ட கடும் பெருக்கு, அதனால் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, அதனால் நேரும் மரணம் என்னும் மூன்றில் ஒன்றையேனும் உற்றோர், பழைய முறையில் நூற்றுக்கு 4.3 பேர், புதிய முறையில் 1.6 பேர். நூற்றுக்கு அறுபது பங்கு குறைந்தது. மரணத்தை மட்டும் தனியே எடுத்து நோக்கின், அதன் எண்ணிக்கை சிறிதாதலின் துணிந்து முடிவு கூற இயலாது என்பதையும் ஆராய்ச்சியாளர் மறைக்கவில்லை. உதிரப்பெருக்கு உற்றோருள் அஃது உண்டென்று உரிய பொழுதிற் கண்டறியப்பட்டவர் பழைய முறையில் நூற்றுக்கு 51. புதிய முறையில் 93. பழைய முறை மருத்துவமனைகளிலும் உதிரத்தை ஏந்த விரிப்பு இருந்தது. கோடுகள் மட்டும் இல்லை! பாதிப் பேருக்கு நோய் இருப்பதே அறியப்படாதபோது, அலமாரியிலுள்ள மருந்து யாது செய்யும்?

2025-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் முதலியோர் வெளியிட்ட புதிய நெறிமுறையும் இவ்வழியையே தழுவியுள்ளது. அரை லிட்டர் வரை காத்திராமல், 300 மில்லி லிட்டர் போனபோதே நாடி, இரத்த அழுத்தம் முதலியவற்றில் மாறுதல் காணின் சிகிச்சை தொடங்குக என்பது அதன் கருத்து.

நோயின் அளவும் காலமும் இவ்வாறாக, நோயுற்றவள் அளவு ஒன்று எஞ்சி நிற்கின்றது. குருதிச்சோகையுற்ற பெண்ணுக்குச் சிறிது உதிரம் போதலும் பேரிடராகும். டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிள்ளை பிறந்தவுடனே முன்காப்பாகத் தந்தால் சோகையுற்றோர்க்கு உதிரப்பெருக்கு வாராதோ என்று பாகிஸ்தான், நைஜீரியா, தான்சானியா, சாம்பியா என்னும் நாடுகளில் 15,068 பெண்டிரிடையே ஆராய்ந்தனர். தடுக்கவில்லை என்றே 2023-இல் முடிவு வந்தது. எனவே, பேற்றறையில் ஈடுசெய்ய இயலாததைப் பேற்றுக்கு முன்னரே செய்தல் வேண்டும். இரும்புச் சத்துள்ள உணவும் மாத்திரையும் கருவுற்ற மாதங்களிலே, ஏன், மங்கைப் பருவத்திலேயே தொடங்கவேண்டியவை.

இவற்றாற் பெறப்படுவது யாது? பெரும்பாலான தாயர் மாள்வது மருந்து கண்டறியப்படாமையால் அன்று. அளவு அறியப்படாமையாலும் காலம் கடந்தமையாலுமே. கோடிட்ட ஒரு விரிப்பும், கால் மணிக்கொருமுறை நோக்கும் ஒரு செவிலியும், காத்திராமற் செயற்படும் பழக்கமும் சேர்ந்து செய்த நன்மையை மேலே கண்டோம்.

மருத்துவம் பயிலாத நாம் இதிற் செய்யத்தக்கது என்னையெனின், மூன்று உண்டு. நம் இல்லத்துப் பெண்டிர் கருவுற்றால், குருதியின் நிறைவைச் சோதிக்கவும் மருத்துவமனையிற் பேறு நிகழவும் ஆவன செய்தல் ஒன்று. பேற்றுக்குப்பின் உதிரம் மிகுவதாகத் தாயோ உடனிருப்பவரோ கூறின், "இஃது இயல்பே" என்று தேற்றிக் காலம் போக்காமல் உடனே மருத்துவரை அழைத்தல் இரண்டு. மூன்றாவது, உடல்நலமுள்ள மாணவர் தம் குருதியை முறைப்படி ஈதல். மேற்கூறிய எல்லா முறையும் தவறிய இடத்தில், பிறர் ஈந்த குருதியே தாயைக் காப்பது. ஆய்வுக்கூடத்தில் ஆக்க இயலாத அம்மருந்து நம்மிடத்தே உள்ளது.