உளியோடு ஒரு பட்டப்படிப்பு

குடமுழுக்கு நாளில் அனைவரும் அண்ணாந்து பார்ப்பது கலசத்தை. அக்கலசம் நிற்கும் விமானத்தை அளந்து வகுத்த ஸ்தபதிக்குப் பரிவட்டம் கட்டுகிறோம். அவர் எங்கே பயின்றார் என்று கேட்பவர் அரியர்.

தந்தையிடம் மைந்தன் கற்பதே நெடுங்கால வழக்கம். அதைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தது மாமல்லபுரம். 1957இல் அரசு அங்கே தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையமே இன்றைய அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. அதன் முதல்வராக நெடுங்காலம் பணியாற்றிய கணபதி ஸ்தபதி, பிள்ளையார்பட்டியில் பிறந்து கணிதத்தில் பட்டம் பெற்றவர். கன்னியாகுமரியில் 133 அடி உயர்ந்து நிற்கும் வள்ளுவரும், ஹவாய்த் தீவின் இறைவன் கோயிலும் அவர் வகுத்தவை. கணிதமும் உளியும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இங்கு மரபுக் கட்டடக்கலை பயிலும் மாணவர் மயமதம், மானசாரம் முதலிய நூல்களின் அளவு முறைகளைக் கற்கிறார். அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கண்டம், சிகரம், ஸ்தூபி என்னும் ஆறு அங்கங்களும் ஒன்றுக்கொன்று விகிதத்தால் கட்டுப்பட்டவை. ஒன்றை மாற்றினால் மற்றவையும் குலையும்.

இவ்வறிவு இல்லாதார் கையில் திருப்பணி சிக்கினால் என்ன ஆகும்? பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுதைச் சிற்பம் உதிரும். கருங்கல்லை மணல் வீச்சால் தூய்மை செய்தால் கல்வெட்டின் எழுத்துகள் மழுங்கும். ஆயிரம் ஆண்டு நின்றது ஒரு திருப்பணியில் அழியலாம்! நன்கொடை தரும் நாம், பணி செய்பவரின் பயிற்சியையும் விசாரிப்பது தவறாகாது.

பேரப்பிள்ளைகளின் மேற்படிப்புப் பேச்சு எழும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பெயரை, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிந்தவரே பயன்படுத்தலாம். அதற்குரிய வழி ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பு. அதை முடித்தவர் வீடும் மருத்துவமனையும் வரையலாம், பழங்கட்டடப் பாதுகாப்பில் மேற்படிப்பும் படிக்கலாம். மாமல்லபுரத்துப் படிப்பு கோயில் திருப்பணிக்கும், கடல் கடந்து எழும் புதிய ஆலயங்களுக்கும் இட்டுச் செல்லும். வருவாய் தொடக்கத்தில் சீராக இராது என்பதையும் மறைக்கலாகாது. சேருமுன் பிள்ளையை ஒருநாள் மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு அழைத்துச் சென்று, வெயிலும் கல்தூசியும் எப்படி இருக்கும் என்று காட்டிவிடுங்கள்.