உரிமம் கையில் இருந்தும் குற்றவாளி ஆகலாமா?

விமான டிக்கெட், விசா, ஊறுகாய் பாட்டில் வரை பட்டியல் போட்டு எடுத்துவைப்பவர்கள், ஓட்டுநர் உரிமத்தை மட்டும் புறப்படும் வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு புரோக்கரைத் தேடி ஓட்டம். ‘பத்து வருஷம் செல்லும்’ என்று இணையத்தில் யாரோ விற்கும் அட்டையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு விமானம் ஏறுபவர்களும் உண்டு. அது வெறும் அட்டை. இந்தியா தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையைச் சார்ந்தது. அதன் ஆயுள் ஓராண்டுதான். இந்திய உரிமம் அதற்குள் காலாவதியானால் அனுமதியும் அன்றோடு முடிந்தது.

அனுமதி தனி உரிமம் அல்ல. அசல் உரிமத்தை ஊரில் பீரோவில் பூட்டிவிட்டு இதை மட்டும் எடுத்துப்போனால் பயனில்லை. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது. சுற்றுலாப் பயணிக்கு உள்ள சலுகை, குடியேறியவருக்கும் தொடரும் என்று பலர் நம்புகிறார்கள். தொடராது. ஜெர்மனியில் குடியிருப்பு தொடங்கி ஆறு மாதம் வரைதான் இந்திய உரிமத்தை வைத்து ஓட்டலாம். அதன்பின் எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டிலும் தேறி ஜெர்மானிய உரிமம் பெற வேண்டும். கெடு தாண்டி ஓட்டினால் அது உரிமமின்றி ஓட்டிய குற்றம். அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ கிடைக்கலாம். வேலை விசாவில் போனவருக்கு இப்படியொரு வழக்கு தேவையா?

பிரிட்டனில் கெடு 12 மாதம். நேரடியாக மாற்றித்தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்பதால், தற்காலிக உரிமத்துக்கு விண்ணப்பித்து இரு தேர்வுகளையும் முடிக்க வேண்டும். ஜப்பானில் வேறொரு பொறி. அங்கே குடியிருப்பவர் விடுமுறைக்கு ஊர் வந்து, புது அனுமதி வாங்கி, மூன்று மாதத்துக்குள் திரும்பினால் அதை வைத்து ஓட்ட முடியாது. ஜப்பானிய உரிமமாக மாற்றப் போகும்போதும், இந்திய உரிமம் பெற்ற பிறகு மொத்தம் மூன்று மாதமாவது இந்தியாவில் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள முத்திரைகள்தான் சாட்சி.

இனி, ஊரில் செய்ய வேண்டியது. மத்திய அரசின் ‘சாரதி’ இணையதளத்தில் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய புத்தக உரிமமாக இருந்து விவரம் வரவில்லையென்றால், அதை வழங்கிய ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கணினியில் ஏற்றச் சொல்ல வேண்டும். விவரம் வந்தால், அனுமதிக்குத் தேவை படிவம் 4ஏ, பாஸ்போர்ட் நகல், உரிம நகல், புகைப்படம், 1,000 ரூபாய் கட்டணம். குடியிருக்கும் பகுதிக்குரிய ஆர்டிஓ அலுவலகம்தான் வழங்கும். விசாவும் மருத்துவச் சான்றும் கட்டாயமில்லை என்று மத்திய அரசு 2021 ஜனவரியிலேயே விதியைத் திருத்திவிட்டது. ஐந்தாண்டு கடந்தும் யாராவது அவற்றைக் கேட்டு அலையவிட்டால், அந்த அறிவிக்கையின் நகலை மேசையில் வையுங்கள். சும்மா திரும்பி வராதீர்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இனிஷியல். உரிமத்தில் ‘எஸ்’ என்று ஓரெழுத்து. பாஸ்போர்ட்டில் தந்தையின் முழுப்பெயர். வெளிநாட்டு அலுவலருக்கு இவை இரண்டு ஆட்கள். புறப்படுமுன் உரிமத்தில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே திருத்திக்கொள்ளுங்கள். அனுமதிக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி முடிந்துவிட்டால் இந்தியத் தூதரகம் வழியாகப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அதற்கும் இந்திய உரிமம் உயிரோடு இருக்க வேண்டும். உரிமத்தைக் காலாவதிக்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்க முடியும். காலாவதியாகி ஓராண்டு கடந்தால் இங்கேயே மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் புதுப்பிக்கும்போது மருத்துவரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு டிக்கெட் போடும் முன் உரிமத்தில் உள்ள கடைசித் தேதியைப் பார்த்து, புதுப்பிக்கும் வேலைக்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.