நாலு மணிக் களைப்பு

நல்ல உடல்நலத்துடன் இருந்த 25 இளம்பெண்களை அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். வியர்வையில் போன நீரை உடனே ஈடுகட்டவிடாமல், கவனத்தையும் நினைவாற்றலையும் சோதித்தார்கள். லாரன்ஸ் ஆம்ஸ்ட்ராங் குழுவின் இந்த ஆய்வு 2012-ல் வெளியானது. முடிவு சற்று விசித்திரமானது. சோதனைகளில் அந்தப் பெண்கள் பெரும்பாலும் சோடை போகவில்லை. ஆனால் தலை வலித்தது, மனம் சுணங்கியது, அசதி தட்டியது, அதே வேலை முன்பைவிடக் கடினமாகத் தெரிந்தது. அவர்கள் இழந்திருந்த நீர், உடல் எடையில் சராசரியாக 1.36 சதவீதம்தான். 55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது முக்கால் லிட்டர்.

நீர் குறைந்தால் முதலில் கெடுவது வேலையல்ல, வேலை செய்பவரின் நிலைமைதான் என்று இதற்கு அர்த்தம். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் மேலாளரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது. பில் சரியாகத்தான் போடப்படும். போட்டவருக்குத்தான் நாலு மணிக்கே கண்ணைக் கட்டும்.

உடலுக்குள் நடப்பது இதுதான். நீர் குறையக் குறைய ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடுகிறது. ஒன்றிரண்டு சதவீதம் கூடினாலே மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். அது வாசோபிரெசின் என்ற ஹார்மோனை அனுப்பி, சிறுநீரகத்திடம் “இருப்பதை விட்டுவிடாதே” என்று சொல்கிறது. தாகம் இதற்குச் சற்றுப் பின்னால்தான் வருகிறது. வயதானவர்களுக்கு அந்தத் தாக உணர்வும் மங்கிப்போகும். அதனால் தாகத்தைவிட நம்பகமான சாட்சி சிறுநீரின் நிறம். எலுமிச்சைச் சாற்றை நீர் விட்டுக் கலக்கியதுபோல் வெளிறியிருந்தால் கவலையில்லை. அடர் மஞ்சளாகி டீ டிகாக்‌ஷன் பக்கம் போனால், உடல் பல மணி நேரமாகவே சிக்கனம் பிடித்துக்கொண்டிருக்கிறது. எட்டு நிறங்கள் கொண்ட ஓர் அட்டவணையை 1990-களில் உருவாக்கியதும் இதே ஆம்ஸ்ட்ராங் குழுதான். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டவர்கள் மட்டும் அந்த மஞ்சளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

சரி, எவ்வளவு குடிப்பது? “தினம் எட்டு டம்ளர்” என்று எல்லோரும் சொல்கிறோம். இதற்கு ஆதாரம் எங்கே என்று ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரகவியல் பேராசிரியர் தேடித் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று 2002-ல் எழுதினார். 1945-ல் அமெரிக்க உணவு வாரியம் ஒன்று நாளைக்கு இரண்டரை லிட்டர் நீர் என்று பரிந்துரைத்திருந்தது. அதில் பெரும்பகுதி உணவிலிருந்தே கிடைத்துவிடும் என்ற அடுத்த வரியைத்தான் மக்கள் வசதியாக மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நம் சாப்பாட்டுக்கு அந்த வரி இன்னும் நன்றாகப் பொருந்தும். வடித்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். இட்லியிலும் பாதிக்கு மேல் தண்ணீர். ரசம், மோர், கூட்டு எல்லாம் சேர்த்தால் தட்டிலேயே ஒரு சொம்பு நீர் இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறவர் அந்த நீரையும் சேர்த்தே விட்டுவிட்டுப் போகிறார். பதினோரு மணிக்கு வரும் கிறுகிறுப்பில் பசிக்கு எவ்வளவு பங்கு, நீருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம்.

மதியத் தூக்கத்துக்கு மட்டும் சோற்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். உடலின் உள்கடிகாரம் பிற்பகலில் இயல்பாகவே ஒரு சரிவுக்கு வரும். சாப்பிடாதவருக்கும் கண் சொருகும். குவித்த சோறும் இரண்டு அப்பளமுமாக முடியும் சாப்பாடு அந்தச் சரிவை ஆழமாக்கும், அவ்வளவுதான். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பருப்போ சுண்டலோ முட்டையோ ஒரு கை கூட்டினால் வித்தியாசம் தெரியும்.

உடனே டீக்கடைக்கு ஓடுகிறோம். டீ உடலை வறட்டிவிடும் என்பது மிகைப்படுத்தல். பழகியவர்களுக்கு அதுவும் நீர்க்கணக்கில்தான் சேரும். காஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. களைப்பைத் தெரிவிக்கும் அடினோசின் மூளையில் போய் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டீயில் எனக்குள்ள வழக்கு வேறு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயிலுள்ள டானின்கள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தைக் கட்டிப்போட்டு உடலில் சேரவிடாமல் செய்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆக்ஸிஜனைச் சுமக்க ஆள் இல்லாத உடம்பில் எத்தனை பாட்டில் தண்ணீரை ஊற்றினாலும் அசதி போகாது. ஓயாத களைப்பு என்றால் முதலில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது டீ, காபி வேண்டாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உட்கிரகிக்கப்படும்.

இதெல்லாம் மின்விசிறிக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் கணக்கு. வெயிலில் நிற்பவர்களின் கணக்கே வேறு. தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரிடம் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். ஏழு சதவீதம் பேரிடம் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. நாள் தவறாமல் வற்றி வற்றி நிரம்பும் உடம்பில் களைப்பு வெறும் தொடக்கம்தான்.

இவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது. வியர்வையோடு சோடியமும் போகிறது. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகின்றன, பின்னாலேயே தண்ணீர் போகிறது. ராபர்ட் கிரேன் 1960-ல் முன்வைத்த இந்தக் கருத்தின் பலனை 1971-ல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் உலகம் பார்த்தது. அங்கே காலராவில் துவண்டவர்களுக்கு மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, மரணங்களை வெகுவாகக் குறைத்தார். அரிசி மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. ஆகவே உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நீர்மோரும் வியர்த்தவருக்குச் சரியான பானங்கள். கலர் கலராக வரும் விளையாட்டு வீரர் பானங்களுக்கு நாற்பது, ஐம்பது கொடுக்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரிப்பதும் வீண். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து: 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களே அதிகம் சிக்கினார்கள்.

இவ்வளவும் தெரிந்தும் தண்ணீர் குடிக்காத பெண்கள் நம்மைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில் புடவை காட்டும் பெண்ணைக் கவனியுங்கள். முந்தானையை விரித்துத் தோளில் போட்டுக் காட்டுகிறார், “பார்டர் பாருங்கக்கா” என்கிறார், வேண்டாம் என்றதும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்குகிறார். அவருடைய தண்ணீர் பாட்டில் கவுன்டருக்கு அடியில் பாதிக்கு மேல் நிறைந்தபடியே கிடக்கும். கேட்டால், “குடிச்சா போகணும்லக்கா” என்பார். கழிவறை வேறு மாடியில் இருக்கும். போக சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும், திரும்பும்வரை கவுன்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மாதவிடாய் நாட்களில் சொல்லவே வேண்டாம். நீர்க்கடுப்பும் நாலு மணித் தலைவலியும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. இவர்களிடம் போய் “நிறையத் தண்ணீர் குடிங்க” என்று சொல்வது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

கேரளத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. 1948-ன் தொழிற்சாலைச் சட்டமும் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தது. நாற்காலியும் குடிநீரும் இருக்கும் கடையில் மிச்சமிருப்பது சின்ன ஏற்பாடுதான்: மாடிக்கு ஒரு கழிவறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடம் கவுன்டரைப் பார்த்துக்கொள்ள மாற்றாள்.