குழூஉக்குறியும் பினாங்கு இளைஞரும்

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று இலக்கண நூலார் கூறுவர். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் நன்னூல் படித்தோர் அறிந்த எடுத்துக்காட்டுகள். ஆயினும் குழூஉக்குறி பழைய உரைகளோடு நின்றுவிட்டதன்று. பினாங்கில், ஜார்ஜ் டவுன் நகரத்து 'மாமாக்' கடை ஒன்றில் மாலை வேளையில் அமர்ந்தால் புதிய குழூஉக்குறிகள் பல செவியில் விழும். தமிழ் முஸ்லிம்களைக் குறிக்கும் 'மாமாக்' என்பதே நம் 'மாமா' மலாய் வழக்கில் பெற்ற வடிவம் என்பர்.

அங்குக் கூடும் தமிழ் இளைஞர் 'லெப்பாக்', 'யம்சா', 'மச்சான்', 'டேட்டிங்', 'கப்பள்' என்கின்றனர். பெரியோர் பலர் இவை அனைத்துக்கும் ஒரே பொருள் கொள்கின்றனர்: பிள்ளை காதலில் விழுந்துவிட்டான், அல்லது விழுந்துவிட்டாள் என்பதே அது. உண்மை அவ்வாறன்று. இச்சொற்கள் பழக்கத்தின் வெவ்வேறு படிகளைக் குறிப்பன.

'லெப்பாக்' மலாய்ச் சொல். வேலையின்றி அமர்ந்து பொழுது போக்குதல் என்பது அதன் பொருள். 1990களில் மலேசியாவில் இது பழிச்சொல்லாகவே வழங்கியது. வீணே திரியும் இளைஞரைப் பற்றிய கவலை நாடெங்கும் பேசப்பட்டது. 1994இல் அரசு 'ராக்கான் மூடா' என்னும் இளைஞர் திட்டத்தைத் தொடங்கிய காலமும் அதுவே. இன்றோ அப்பழி பெரிதும் தேய்ந்துவிட்டது. 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் இச்சொல்லை ஏற்றது. நண்பர் நால்வர் கூடிப் பேசியிருத்தலே இளைஞர் கொள்ளும் பொருள்.

'யம்சா' கண்டோனீசியச் சீனச் சொல். தேநீர் அருந்துதல் என்று பொருள்படும். 'யம்சா போவோமா?' என்று கேட்பவருக்குத் தேநீர் ஒரு சாக்கு, கூடியிருப்பதே நோக்கம்.

'மச்சான்' என்பதன் கதை தமிழாசிரியர்க்குச் சுவையானது. மாமன் மகனையும் அக்காள் கணவனையும் குறித்த முறைப்பெயர் இது; மணவுறவோடு பிணைந்தது. இன்று மலேசியாவில் மலாய்க்காரரும் சீனரும் கூடத் தம் இந்திய நண்பரை 'மச்சா' என்று அழைக்கின்றனர். இலங்கையில் சிங்கள இளைஞரும் தமக்குள் இதனை வழங்குகின்றனர். முறைப்பெயர் நட்புப் பெயராயிற்று. ஆகவே ஒரு மாணவி தன் வகுப்புத் தோழனை 'மச்சான்' என்றழைத்தால், அதில் பழைய முறையைத் தேடுவது பிழை.

'டேட்டிங்' வேறு வகை. நாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பேச்சுவழக்கில், ஆணும் பெண்ணும் நாள் குறித்துச் சந்திப்பதைச் சுட்டலாயிற்று. ஒருவரையொருவர் அறியும் பொருட்டுச் சந்திக்கின்றனர் என்பதே அதன் பொருள்; மணவுறுதி அதில் இல்லை. இருவரும் மனமொப்பி, நண்பர்க்கும் அது தெரிந்த நிலையே 'கப்பள்'. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டுப் பெயர் சொல்லக் கூசும் நிலைக்கும் ஒரு சொல் பிறந்துவிட்டது. 'சிச்சுவேஷன்ஷிப்' என்னும் அச்சொல் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தின் 2023ஆம் ஆண்டுச் சொல்லுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

இவற்றுள் மிகுந்த இடர் தருவது அயற்சொல் எதுவுமன்று. நம் 'சும்மா' என்னும் சொல்லே. 'சும்மாதான் பழகுகிறோம்' என்று ஒருவன் கூறும்போது, 'கட்டுப்பாடு ஏதுமில்லை' என்று அவன் கருதியிருக்கலாம். 'இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டா' என்று அவள் பொருள் கொண்டிருக்கலாம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. நாள் செல்லச் செல்ல அப்பொருள் வேறுபாடே மனப்புண்ணாகிறது. ஒருதலைக் காமத்தைக் 'கைக்கிளை' என்று தொல்காப்பியர் தனியே பெயரிட்டு வைத்தார். அன்பின் நிலைகளைப் பிரித்தறிய வேண்டும் என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

பெரியோர் பிழைபடப் பொருள் கொள்வதால் விளையும் கேடும் சிறிதன்று. 'லெப்பாக் போய் வருகிறேன்' என்று மகள் உண்மையே சொல்கிறாள். தந்தை அதனை வேறாகக் கருதிச் சினந்து, வெளியே செல்வதைத் தடுக்கிறார். அடுத்த முறை அவள் நூலகம் செல்வதாகப் பொய் சொல்கிறாள். பின்னொரு நாள் உண்மையாகவே ஒருவனால் தொல்லை நேருமாயின், வீட்டில் அதைச் சொல்ல அவளுக்கு வாய் எழுவதில்லை. ஒரு சொல்லின் பொருளைக் கேட்டறியாமையால் ஒரு பெண் தன் காவலை இழக்கிறாள்.

எனவே குழூஉக்குறி கற்பிக்கும் வேளை நல்ல வாய்ப்பாகும். பொற்கொல்லரின் 'பறி'யோடு நிறுத்தாமல், மாணவரையே அவர்தம் சொற்களைக் கூறச் செய்யலாம். யார், யாரிடம், எப்பொருளில் வழங்குகின்றனர் என்று அவர்களே எழுதட்டும். 'சும்மா' என்பதற்கு ஒரே வகுப்பில் எத்தனை பொருள் எழுகின்றன என்று காணும்போது, பொருளைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கும் உண்டாகும்.

குழூஉக்குறிகள் நெடுநாள் நில்லா. இன்றைய சொற்கள் சில ஆண்டுகளில் மறையலாம். வேறு சொற்கள் வரும். கடிவதற்கு முன் பொருள் கேட்கும் ஆசிரியரிடம், அப்புதிய சொற்களும் அவற்றின் பின்னுள்ள துன்பமும் தாமாக வந்து சேரும்.